ஒன்றரை முழ லிஃப்ட்

மார்ச் 3
இன்றும் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினேன். வெறும் செயின் மாற்றும் வேலை. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எழுந்திருக்கச் சுவரைத் தேட வேண்டியிருக்கிறது. இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்கிறார் டாக்டர். பைக் மெக்கானிக் குந்தாமல் என்ன செய்வான், நாற்காலி போட்டு ஜோசியமா பார்ப்பான்? இப்படியே போனால் வாசல் ஷெட்டை மூட வேண்டியதுதான். அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 6
நான் குனிய முடியாவிட்டால் வண்டி மேலே வரட்டும். இரும்பு லிஃப்டுக்கு வழியில்லை, மரத்திலேயே அடித்துவிடலாம். ஆறு கால், மேலே தடித்த பலகை, வண்டியை ஏற்ற நீளமாக ஒரு சாய்வுப் பலகை, முன்சக்கரம் நகராமல் பிடிக்க இரண்டு கட்டை. கட்டிலில் படுத்தபடியே மனைவியிடம் சொல்லி மரக்கடைக்கு அனுப்பினேன். "காலெல்லாம் ஒண்ணரை முழம். மறந்துடாத."

மார்ச் 7
மரம் வந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எல்லாக் காலும் நாலு விரல் குறைவு.
"ஒண்ணரை முழந்தானே சொன்னீங்க? என் கையாலதான் அளந்து காட்டினேன்."
முழம்னா என் முழம்னு தெரிய வேண்டாமா? டேப்பை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 9
வெட்டிய மரம் வளரவா போகிறது? இருப்பதை வைத்தே முடித்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினாள். ஏறி நின்று பார்த்தாள், ஆடவில்லை. நன்றாகச் செய்தாய் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 10
பால்காரர் வண்டியை ஏற்றினோம். அந்த நாலு விரலுக்கு நான் இன்னும் குனிய வேண்டியிருக்கிறது. இடுப்பில் சுரீரென்று இழுத்தது. ஸ்பேனர் கீழே விழுந்தது. அவள் எடுத்தாள். என்னிடம் தரவில்லை.
"எந்த நட்டுன்னு மட்டும் சொல்லுங்க."
அவளுக்கு உயரம் கச்சிதம். நிமிர்ந்து நின்றே கழற்றினாள். என் வேலையை இன்னொரு கை செய்ய, நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா — தாங்கலை.

மார்ச் 15
இன்று நான் எதுவும் சொல்லித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. வண்டி மட்டும் சரியாகிப் போனது.

மார்ச் 21
"காலுக்கு அடியில கட்டை வெச்சு உசத்திடலாமா?" என்றாள்.
"உனக்கு எட்டாதே."
"எட்டாதுதான்."
 கட்டை வைக்கவில்லை.

மார்ச் 28
வண்டியைத் தள்ளிக்கொண்டு புதிதாக ஒருவர் வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம், "மெக்கானிக் இருக்காரா?" என்றார்.
உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது.
"இருக்காங்க," என்றேன். "கைவேலையா இருக்காங்க. உட்காருங்க."