பதினோராவது ஆளின் முழங்கால்

செப்டம்பர் 14

தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது இடது முழங்காலில் மறுபடி அந்தக் குத்தல். மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் மகன் நாச்சப்பா போன் செய்தான்.

"தேச்சு அத்தை, இந்த வருஷம் நம்ம பூவேரண்ட குடும்பம் ஹாக்கிக்குப் பேர் கொடுக்குது. பட்டாளத்துல இருக்கறவனுங்களையும் லீவு போட வெச்சுட்டேன். பத்து பேர் தேறிட்டாங்க. பதினொண்ணாவது நீங்கதான்."

குடகில் ஆணும் பெண்ணும் வயது பார்க்காமல் குடும்பத்துக்கு ஓர் அணியாக இறங்கும் ஏப்ரல் ஆட்டத்துக்கு அணி அனுப்பாத குடும்பம் அழிந்துபோன குடும்பம் என்றுதான் பேச்சு. என் பிறந்த வீட்டுக்கு அந்தப் பேச்சு ஆறு வருடமாக இருக்கிறது. சரிடா என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு. எனக்குப் புத்தி இருக்கிறதா?

அக்டோபர் 3

மைசூர். உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறதாம். அந்தப் பாதியை மாற்றினால் போதும் என்றார் டாக்டர் வைதேகி. ஆபரேஷனில் ரோபோவின் கை துணைக்கு இருக்கும், போட்ட கணக்கைத் தாண்டி எலும்பை வெட்ட விடாது என்றும் விளக்கினார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"ஏப்ரல்ல ஹாக்கி ஆடலாமா?"

"நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். ஹாக்கிக்கு வாக்கு கொடுக்க மாட்டேன்மா. கால் எப்படி ஆறுதுன்னு பார்த்துட்டுதான் சொல்வேன்."

கூடாது என்று சொல்லவில்லை அல்லவா? அது போதும்.

என் வீட்டுக்காரர் பெள்ளியப்பா என்னைவிட மோசமாக நொண்டுகிறவர். உங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே படம் எடுக்கலாமே என்று டாக்டர் கேட்டதற்கு, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். எழுந்திருக்க நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 21

நேற்று ஆபரேஷன். சாயங்காலமே நிற்க வைத்துவிட்டார்கள். வலி இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய குத்தல் இல்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அக்டோபர் 29

நலம் விசாரிக்க வந்த நாத்தனார் போஜவ்வா, ரோபோவும் கூடவே வந்திருக்கும் என்று அடுக்களைவரை எட்டிப் பார்த்தாள். பிறகு ரகசியமாக, "முட்டிக்கு சார்ஜ் போடணுமா?" என்று கேட்டாள்.

"தினம் போடறா. வாய்க்கும் சேத்துதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து சிரித்தேன்.

நவம்பர் 30

பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கல்யாணம். உட்கார்ந்தே இருப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போனேன். பன்றிக் கறி, அதற்குத் தொட்டுக்கொள்ள அரிசி உருண்டையான கடம்புட்டு, எல்லாம் உட்கார்ந்தே. அப்புறம் மேளமும் ஊதுகொம்பும் ஆரம்பித்தன. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குடகுப் பெண்ணை யாராவது பார்த்ததுண்டா? கொஞ்சம்தான் ஆடுவோம் என்று எழுந்தேன். மேளக்காரர்கள் ஓய்ந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 1

முழங்கால் பலாப்பழமாக வீங்கிவிட்டது.

டிசம்பர் 4

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எலும்பைத் தப்பா வெட்டாம ரோபோ தடுக்கும்மா. நீங்க ஆடறதை யாரு தடுக்கறது?" உள்ளே பொருத்தியது நல்லவேளையாக நகரவில்லை. நீர்தான் கோத்திருக்கிறது. ஏப்ரலைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றுவிட்டார்.

அறிவு கெட்டவ. பத்து பேரும் லீவு எழுதிக் கொடுத்துட்டு உக்காந்திருக்காங்க, நான் போய் ஆட்டம் போட்டிருக்கேன். நாச்சப்பாகிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?

டிசம்பர் 5

சொல்லிவிட்டேன். "வேற ஆள் கிடையாது அத்தை. நீங்க ஐஸ் வைங்க" என்றான்.

பிப்ரவரி 19

காபி காயவைக்கும் களத்தில் ஓடினேன். திரும்பியும் ஓடினேன். வலிக்கவே இல்லை.

மார்ச் 27

ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், குந்த வைத்தார், பக்கவாட்டில் ஓட வைத்தார். கடைசியில் டாக்டர் சொன்னார்: "பாதி ஆட்டம். யார் மேலயும் மோதக் கூடாது. வீங்கினா உடனே வெளிய. நான் சம்மதிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க."

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

"மீதிப் பாதியைப் பத்து பேரே ஆடிக்கறோம். அணின்னு இறங்க பதினொண்ணு வேணும், அவ்வளவுதான்" என்றான் நாச்சப்பா. முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? கருமேரண்ட குடும்பத்தோடு. என் புகுந்த வீடு. அங்கே தடுப்பாட்டக்காரர் என் வீட்டுக்காரர்.

"பொண்டாட்டின்னு பார்க்க மாட்டேன், தேச்சு."

"பார்க்காதீங்க. பந்தைப் பாருங்க."

ஏப்ரல் 18

தோற்றோம், மூன்றுக்கு ஒன்று. தோற்றால் என்ன, பூவேரண்ட என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். பந்து என்னிடம் வந்தது. எதிரே பெள்ளியப்பா, வழியை அடைத்துக்கொண்டு. வலது பக்கம் போவதுபோல் காட்டி இடது பக்கம் திரும்பினேன். என் கால் திரும்பிவிட்டது. அவருடையது திரும்பவில்லை. நாச்சப்பாவுக்குத் தள்ளினேன், அவன் அடித்துவிட்டான். கூட்டம் கத்தியது. இவர் நின்ற இடத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோல் விழுந்த சந்தோஷத்திலும் எனக்கு அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

காரில் வரும்போது சொன்னார்: "நீ என்னைத் தாண்டல. என் முட்டிதான் உன்னை விட்டுடுச்சு."

பதிலடி கொடுக்காமல் என் ஐஸ் பையை எடுத்து அவர் முட்டியில் வைத்தேன். எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 9

மைசூர். இந்த முறை நோயாளி நாற்காலியில் இவர், துணைக்கு நான். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டுவதற்குள், "ஏப்ரல்ல ஹாக்கி ஆடலாமா?" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே அணியா?"

"இல்ல டாக்டர்," என்றார். "இவளுக்கு எதிர்ல."