அப்பா சொதப்பிய சுவர்

அன்புள்ள என் வாயாடிக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம்தான், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள், அதனால் அங்கே வேலைக்கு வரும் நர்ஸ் அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

பஸ் நிலையச் சுவரில் நீ வரைந்தாயே, ஜெயில் வாசலில் சாப்பாட்டுப் பையோடு காத்து நிற்கிற பெண்கள், அதற்காகத்தானே உன்னை இந்த மண்ணை விட்டே ஓட வைத்தார்கள், அந்தப் படத்தை அழிக்க உன் அப்பாவையே கூப்பிட்டார்கள். ஊரில் வேறு பெயிண்டரே இல்லாதது போல. மாட்டேன் என்றால் உள்ளே தள்ளுவார்கள் என்று நான்தான் போய்ட்டு வாங்க என்று அனுப்பினேன். உனக்குத் தெரியாதா, அடுத்தவன் வீட்டுக் கழிப்பறைச் சுவரைக்கூடச் சுரண்டி, தேய்த்து, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவையே திறப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்குப் புழுதி மேலேயே வெள்ளையைப் பூசிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை, அழுத்தக்காரர்.

போன வாரம் நல்ல மழை. வெள்ளை செதில் செதிலாக உரிந்து முதலில் செருப்புகள், பிறகு பைகள், பிறகு முகங்கள் என்று எல்லாம் வெளியே வந்துவிட்டன. மூன்றாவதாக நிற்பது நான்தானே, நீ உள்ளே இருந்தபோது நின்றேனே, அதற்காக என் மூக்கை அவ்வளவு பெரிதாகவா வைப்பாய்? ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு. அழிக்கச் சொன்ன அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, என்னய்யா வேலை பார்த்திருக்க, பெயிண்டர்னு சொல்லிக்க வெட்கமா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் திட்டினாராம். வயசாயிடுச்சுங்க, கை ஓடலைங்க என்று இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாராம். இப்போது கடைத்தெருவில் இவருக்கு வேலை கொடுக்கவே யோசிக்கிறார்கள், இவரோ புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு திரிகிறார்.

நாளைக்குப் பக்கத்தில் ஆள் நிறுத்தி, ஒழுங்காக அடிக்க வைக்கப் போகிறார்கள். இனிமேல் அது வெளியே வராது. எனக்கு மனசே ஆறவில்லை. அதற்காக நீ கிளம்பி வந்துவிடாதேடி, உன்னைப் பார்க்காமல் கண் பூத்துப் போனாலும் பரவாயில்லை, நீ எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் எனக்கு. அங்கே ஒரு சுவர் கிடைத்தால் திரும்ப வரை. சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நானும்தானே நின்னேன், என்னை மட்டும் விட்டுட்டா என்று அப்பாவுக்குத் தீராத குறை, அவரையும் சேர்த்துவிடு.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வருஷம் இரு. ஈரத் தலையோடு படுக்காதே. இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பார்த்துப் பிரி, நொறுங்கிவிடும். சுவரடியில் உதிர்ந்து கிடந்ததை அப்பா பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒரு பக்கம் அவர் அடித்த வெள்ளை, திருப்பினால் உன் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பெரிய மூக்குக்காரி,
உன் அம்மா