டேப் சுற்றிய இடது பட்டன்

கிணத்துக்கடவு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீ கை காலோடு சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, காற்றில் தென்னைமட்டை விழுந்து நாலு ஓடு உடைந்தது, நானே மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வேலையை விடப்போவதாகச் சொன்னபோது நான் கத்தியது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவளை அந்த ஓசூர்க் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நிறுத்திவிட்டார்கள், மூன்று வருசமாகக் காண்ட்ராக்ட்தான், நேற்று வந்தவனுக்கும் அதே சம்பளம் என்று அடுக்கினாய். படிப்பே இல்லாமல், பக்கத்து ஆளின் கையைப் பார்த்தே தொழில் பழகி முப்பது வருசம் நின்றவன் நான், நீ நிற்கக்கூடாதா என்றேன். அப்புறம்தான் நீ அனுப்பிய மெஷின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டிய இரண்டு பட்டனில் இடது பட்டனை அமுங்கியே நிற்கும்படி டேப் சுற்றியிருக்கிறது. நீ சொன்ன காரணங்களில் அது இல்லை. உனக்கு அது பழகிவிட்டது, அதுதான் எனக்குப் பயம். நேற்று போன் போட்டு இந்த வாரம் லீவு போடு என்றேன், சரி என்றாய், ஏன் என்றும் கேட்டாய், அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

கணபதிப் பட்டறையில் என்னோடு இதே மாதிரி பிரஸ் மெஷினில் நின்ற ஜெரோமுக்குக் கை போனது உனக்குத் தெரியும், எப்படிப் போனது என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. அப்போதெல்லாம் அவன், ஏனுங்ண்ணா, இந்த எடது கை சும்மா பட்டன அமுக்கீட்டு நிக்குது, இதுக்குச் சம்பளம் தண்டமுங்க என்று சிரிப்பான். ஓர் அவசர ஆர்டர் நாளில், அவன் கேட்காமலே, இடது பட்டனைக் கம்பியால் கட்டிக்கொடுத்தவன் நான். அந்தக் கைதான் தகடு வைக்கப் போய் மாட்டியது. விசாரிக்க அதிகாரி வருவதற்குள் கம்பியை அவிழ்த்தவனும் நான். ஜெரோமின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றும் பஸ் ஸ்டாண்டில் கண்டால், நல்லா இருக்கீங்ளாண்ணா, அம்மணி வேலைக்குப் போகுதுங்ளா என்றுதான் கேட்கிறான். சட்டையின் இடது கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பான், என் கண்ணுக்கு அந்த ஊக்கு மட்டுமே தெரியும்.

சம்பளத்துக்காக வேலையை விடாதே என்று சொன்னதை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் லீவு முடிந்து போனதும் டேப்பைக் கழற்றச் சொல், மாட்டோம் என்றால் மெஷினைத் தொடாமல் அன்றைக்கே பஸ் ஏறு. உனக்கு இன்னும் பத்து விரலும் இருப்பதற்கு மாசாணியம்மனுக்கு விளக்குப் போட்டேன், அவள் உன்னை அப்படியே வீடு சேர்க்கட்டும். ஒன்றை மறக்காதே. வேலைக்குச் சேரும்போது கம்பெனிக்காரர்கள் வாங்கிவைத்த உன் ஐ.டி.ஐ. ஒரிஜினல் சான்றிதழைத் தராமல் இழுத்தால், அதற்காக ஒரு ஷிஃப்ட் கூட நிற்காதே. அதை மாட்ட நான் சுவரில் ஆணி அடித்து வைத்திருப்பது நிஜம்தான், ஆணி காலியாகவே இருக்கட்டும்.

உன் அப்பா
மாசாணம்