இரண்டாய்ப் பிளந்த கோலாக்கொட்டை

ஸ்காபரோ
மாசி மாதம், சனிக்கிழமை பிற்பகல்

நைஜீரியாவில் எனுகுவில் வாழும் அன்பு மகள் றெஜினாவுக்கு,

இறைவன் காவலில் நானும் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகன் ஒபின்னாவும் பேத்தி சிசோமும் அவ்வண்ணமே இருக்கவேண்டுமென்று இன்று காலையும் முழந்தாளிட்டு மன்றாடினோம். மனநலத்தை மட்டும் கேளாதே. தொலைபேசியில் சொன்னால் குரல் நடுங்குவது உனக்குக் கேட்டுவிடும், ஆதலால் எழுதுகிறேன்.

இங்கே இருக்கும் உன் மாமனாரும் அவர் தம்பி ஈக்கேன்னாவும் மூன்று மாதமாக முகம் பார்ப்பதில்லை, இதை உனக்கு மறைத்திருந்தோம். அவர்கள் இனத்தாரின் இக்போ சங்கத்தில் கூட்டமும் செபமும் இக்போ மொழியிலேயே நடக்கவேண்டும் என்று மாமனார் நிற்கிறார், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது விளங்காது, ஆங்கிலம் கலக்காவிட்டால் கதிரைகள்தான் மிஞ்சும் என்று தம்பி நிற்கிறார். இருவர் சொல்வதும் உண்மை, அதுவே என் அச்சம். நம்முடைய ஊர்ச்சங்கம் இந்த நகரத்தில் இரண்டானபோது என் அண்ணரின் அடக்கத்துக்கு அரைவாசி ஊர் வராமல் நின்றதைக் கண்டவன் நான். ஆடியில் நீங்கள் சிசோமைக் கொண்டுவரும்போது ஒரு பகுதியார் அவளைத் தூக்க மறுபகுதியார் முகம் திருப்புவார்களோ என்று எண்ணி எண்ணி நெஞ்சு உலர்கிறது.

இரு பக்கத்துக்கும் உறவினன் என்பதால் இன்று நம் வீட்டில் அவர்களையும் சங்கத்தார் சிலரையும் கூட்டினேன். மூத்தவர் செபித்துக் கோலாக்கொட்டையைப் பிளந்து எல்லோரும் ஒரு துண்டு உண்ணாமல் அவர்கள் பேச்சைத் தொடங்கமாட்டார்கள் என்பது நீ அறிந்ததே. வோபர்னில் உள்ள ஆபிரிக்கக் கடையில் பெரியதும் அழகியதுமாய்ப் பார்த்து வாங்கினேன். உது சரியான வகைதானோ எண்டு ஒருக்கா மருமோனிட்டைக் கேளுங்கோவன் என்று அம்மா சொன்னதைக் கேளாதது என் குற்றம். மாமனார் செபித்துப் பிளந்தார், இரண்டே பாதியாய் வந்தது. மூன்றாகவோ நான்காகவோ பிரிவதுதான் செபத்துக்கு உரியதாம், இது சந்தையில் வாங்கிச் சும்மா மெல்லும் வேறு வகையாம். அறை முழுவதும் அந்த இரண்டு பாதிகளையே பார்த்தது. அப்போது ஈக்கேன்னா, பிழை கொட்டையில்தான், உரிய கொட்டை வராதபடியால் கூட்டம் இன்னும் தொடங்கவேயில்லை என்றார். பத்து வருடத்தில் உங்கள் மீன்குழம்பின் உறைப்புக்கு நான் பழகிவிட்டேன், நீர் ஒரு கோலாவை அறிந்துகொள்ளவில்லையே சம்பந்தி என்று மாமனார் பகிடி விட்டார், தம்பி சிரிக்கவில்லை.

சரியானது தூரத்தில் பிரம்டனில் ஒரு கடையில்தான் உண்டு, அந்தக் கடையை அறிந்தவர் மாமனார், பனியில் ஓட்ட அவருக்குக் கண் போதாது. தம்பி கார்த் திறப்பை எடுத்தார். இருவரும் ஒரே காரில் போய் மூன்று மணித்தியாலம் ஆகிறது, பனி கொட்டுகிறது, தொலைபேசியை எடுக்கிறார்களில்லை. விபத்தோ, காருக்குள்ளே சண்டையோ, அறியேன். மற்றவர்கள் இரு சோபாக்களில் பிரிந்து இருக்கிறார்கள், கோலா உண்ணாமல் அம்மா பொரித்து வைத்த றோல்ஸையும் தொடமாட்டார்களாம். நான் அறைக்குள் ஒளிந்து இதை எழுதுகிறேன்.

சிசோமோடு தமிழும் பேசு, இக்போவும் பேசவிடு, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடாதே. இரவில் அவளுக்கு நுளம்புவலை கட்ட மறவாதே. நான் சொல்லும்வரை ஒபின்னாவுக்கு இது தெரியவேண்டாம். ஆண்டவர் உங்கள் மூவர்மேலும் தம் கரத்தை விரித்திருப்பாராக.

உன் நலமே வேண்டும் அப்பா,
அகஸ்ரின்

பிற்குறிப்பு: கார் வந்துவிட்டது. யன்னலால் பார்க்கிறேன். மாமனார் தம்பியின் கையைப் பிடித்தபடி படியேறுகிறார், வழுக்கலுக்காகவோ வேறெதற்காகவோ தெரியவில்லை. மறுகையில் ஒரு சிறிய கடதாசிப் பை. கதவைத் திறக்கப் போகிறேன்.