ஊமைச் சொல்லின் வேர்

1931 ஜனவரி 12, தக்கலை
பள்ளிக்கூடம் விட்டதும் மிஷன் துரையின் பங்களா. அவருடைய ஆராய்ச்சியைப் பிரதி எடுக்கிறேன். ருஷியர், போலந்துக்காரர் முதலானோரின் முன்னோர் 'ஊமையான' என்பதை 'நேமு' என்றார்களாம். எந்த ஏட்டிலும் இல்லாத சொல். பேரன் மொழிகளை வைத்துப் பாட்டன் மொழியை ஊகிக்கிறார்கள். ஊகம் என்று காட்டச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. தங்கள் பேச்சு தெரியாத ஜெர்மானியரையும் அந்தச் சொல்லால்தான் அழைத்தார்களாம். துரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் தங்கை லீலா இருக்கிறாள்.

ஜனவரி 19
லீலாவுக்கு வரன். ஆபேல், கீரிப்பாறைத் தோட்டத்து மேஸ்திரி. அவளுக்குக் காது கேட்கும், பேச்சுதான் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அதனால என்ன சாரே" என்றான். அம்மா அழுதாள். நானும்தான்.

பிப்ரவரி 2
சபைக் கமிட்டி மறுத்துவிட்டது. விவாகப் பிரமாணத்தை மணப்பெண் தன் வாயால், சபை கேட்கச் சொல்ல வேண்டுமாம். தலையசைப்பு செல்லாதாம்.
"அவ தலையாட்டுனா எனக்குப் போரும். கோயிலுக்குப் போராதா?" என்று ஆபேல் கேட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வாய் படைத்தவர்கள்!

பிப்ரவரி 5
"அந்த வெள்ளக்காரன்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சா என்ன மக்கா?" என்றாள் அம்மா.
கேட்டேன். "வழக்கத்தை மாற்ற நான் யார், நேசையன்?" என்றார் துரை. அதே மூச்சில், 'நேமு' முன்பு 'மேமு' என்று இருந்திருக்குமோ, திக்குகிறவனின் 'மே மே' என்ற ஒலியில் பிறந்திருக்குமோ என்று விளக்கிக்கொண்டே இருந்தார். எந்தக் காலத்திலோ செத்த ஊமைகள் மேல் இவ்வளவு கரிசனம். சீ!

பிப்ரவரி 6
பிரதி எடுக்கப் போகவில்லை. இனியும் போகமாட்டேன்.

மார்ச் 3
லீலா ஆபேலோடு மலைக்குப் போய்விட்டாள். வீட்டிலேயே அம்மா மின்னுத் தாலி எடுத்துக் கொடுக்க, அவன் கட்டினான். பாட்டு இல்லை, மணி இல்லை. நான்தான் வண்டி ஏற்றிவிட்டேன். செய்தது சரியா? பின்ன என்ன செய்யச் சொல்லுதிய?

மார்ச் 8, ஞாயிறு
சபை நீக்கம். அவள் பெயரை உரக்க வாசித்தார்கள். துரை தலை நிமிரவே இல்லை.

1932 மே 15, ஞாயிறு
துரையின் கட்டுரை அச்சாகிவிட்டது. சொல்லின் பிறப்பு நிச்சயமில்லை என்று முடித்திருக்கிறாராம்.
லீலாவும் ஆபேலும் கைப்பிள்ளையோடு வந்தார்கள். ஞானஸ்நானம் கிடையாது என்று போதகர் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். வெயிலில் நின்றோம். உள்ளே துரை பிரசங்கத்தைத் தொடங்கினார். பிள்ளை வீரிட்டது. அப்படியொரு குரல்!
உபதேசியார் ஓடி வந்தார். "ஏட்டி, பிள்ளைய அடக்கு!"
லீலா அடக்கவில்லை. பிள்ளையின் முகத்தை வாசல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.