மிஸ்ஸி வீடு பார்க்க வர்றாங்க

கங்கா,

நீ தூங்குற. எழுப்பினா நேத்துப் போட்ட சண்டை மறுபடி ஆரம்பிச்சிடும். அதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

பிரசவம் பார்க்கிற இந்திரகுமாரி மிஸ்ஸி இன்னைக்குக் காலையில சபாக் டவுன்லேர்ந்து, நம்ம வீடு பிரசவத்துக்குத் தோதுப்படுமான்னு பார்க்க வர்றாங்க. கூப்பிட்டது நான்தான். ஆமா, நானேதான். வீட்டுல பிள்ளை பெத்துக்கிறது எனக்கு இன்னும் பிடிக்கலை, பயமா இருக்கு. ஆனா "போன தடவை ஆஸ்பத்திரி உள்ள நான் தனியா கத்திக்கிட்டுக் கிடந்தேன், நீங்க வெளிய பார்க்கிங்ல நின்னீங்க"ன்னு நீ சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே வரலை.

மிஸ்ஸிக்குக் குடுக்க அட்வான்ஸ் பணம் அரிசி டின் மேல கவர்ல இருக்கு. வெத்தலை பாக்கோட தட்டுல வச்சுக் குடு. பேரம் பேசாதே லா. நாயைக் கட்டிட்டேன். ரசம் சுட வச்சிருக்கேன், சாப்பிடாம இருக்காதே.

திருச்செல்வம் அண்ணன் லோரியோட வந்து ஹார்ன் அடிக்கிறாரு. போறேன்.

தீபன்

மறந்துட்டேன். அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு ஓட எப்பவும் வாசல்ல கார் நிக்கணுமாம், இல்லேன்னா மிஸ்ஸி ஒத்துக்க மாட்டாங்களாம். அதனால இனிமே நான் அண்ணன் லோரியிலதான் வேலைக்குப் போவேன். சாவி ஆணியில தொங்குது. பெட்ரோல் ஃபுல். நான் வர்றதுக்குள்ள ஏதாச்சும்னா பக்கத்து வீட்டு புஷ்பா அக்கா ஓட்டுவாங்க, சொல்லிட்டேன்.

காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கேன். வலி வந்தா உடனே போன் பண்ணு, பாதி வழியில இருந்தாலும் திரும்பி வந்துடுவேன். இந்தத் தடவை வெளிய கார் மட்டும்தான் நிக்கும்.