இரண்டு பட்டியலிலும்

லிங்கராஜபுரம்
13.1.2025

அன்பு மகள் அனுஷாவுக்கு அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? போனை எடுத்தேன், வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று கோளரங்கத்தில் நீ பேசியபோது நான் கையைத் தூக்கியிருக்கக் கூடாது. சனிக்கு அப்பால் சுற்றும் பனிப்பாறையைச் சிறுகோள் என்று பதிந்தார்கள், பிறகு அது வால்நட்சத்திரம் போல ஆவி விட்டது என்று நீ சொன்னதும் எனக்கு ஒரே குஷி. பீன்யா கம்பெனி ஏட்டில் பழனிச்சாமி, மாதா கோயில் ஏட்டில் யேசுதாஸ் என்று இருக்கிற எனக்கு வானத்தில் ஒரு சொந்தக்காரன்! அதனால்தான், "அப்போ எந்தப் பேரை அடிச்சாங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"கூத்கொள்ளி யஜமான்ரே" என்று, வேற்று ஆளிடம் சொல்வது போலக் கன்னடத்தில் உட்காரச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். உனக்குத் தலைகுனிவாகிவிட்டது. மன்னித்துக்கொள் கண்ணு.

அப்பா

ஜெயநகர்
16.1.2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் மன்னிப்புக் கேட்டதைப் படித்துக் கூனிக் குறுகிப்போனேன். முன்வரிசையில் எனக்கு மாமனார் மாமியாராகப் போகிறவர்கள், பாலாவின் அப்பா அம்மா, இருந்தார்கள். திரும்பி உங்கள் கழுத்து ஜெபமாலையைப் பார்த்துவிடுவார்களோ என்று பதறி, பெற்ற அப்பாவை யாரோ ஆக்கிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: எதையும் அடிக்கவில்லை அப்பா. சிறுகோள், வால்நட்சத்திரம் என்று அது இரண்டு பட்டியலிலும் இருக்கிறது.

பாலாவுக்கு எல்லாம் தெரியும். நாம் கிறிஸ்தவர்கள் என்று அவன் வீட்டில்தான் தெரியாது. இருட்டில் உங்கள் முகத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி நிச்சயதார்த்தத்துக்குப் பழனிச்சாமியாக மட்டும் வாருங்கள். ஜெபமாலை வேண்டாமே. பிறகு நானே மெதுவாகச் சொல்கிறேன்.

உங்கள் அனு

லிங்கராஜபுரம்
20.1.2025

அன்பு மகளுக்கு,

வானத்தில் இருப்பதை யாரும் அடிக்கவில்லை என்கிறாய். என் பேரில் ஒன்றைத்தான் அடிக்கச் சொல்கிறாய்.

கோபமில்லை. உன் வாழ்க்கை அல்லவா? ஜெபமாலையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. பழனிச்சாமியும் நான்தான். ஆனால் இன்னொருவனை வீட்டில் பூட்டிவிட்டு வர முடியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள். நன்றாக இரு.

அப்பா

ஜெயநகர்
26.1.2025

அப்பா,

காய்ச்சல் என்று சொல்லத்தான் போனேன். பாலாவின் அம்மா, "அய்யோ, தனியா இருக்காரே, கஞ்சி யாரு வெச்சுத் தர்றாங்க? நான் வரட்டுமா?" என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அன்று கேள்வி கேட்டது யார் என்பதையும்.

பாலாவின் அம்மா, "கிறிஸ்டியன்ங்கிறதை வீட்ல யோசிச்சுச் சொல்றோம். ஆனா பெத்த அப்பாவையே யாரோன்னு காட்டின பொண்ணு, நாளைக்கு எங்களை யாருன்னு சொல்லுவே?" என்று கேட்டார்கள்.

நிச்சயதார்த்தம் நடக்குமா, தெரியாது. வீட்டுக்கு வரட்டுமா என்று உங்களைக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

யேசுதாஸ் மகள்
அனுஷா